குடும்ப நிறுவனம்: பதிவும் வரியும்

மலேசியாவின் எந்தக் கடைத்தெருவிலும் பெயர்ப்பலகைகளை உற்று நோக்கினால் ஒரு வேறுபாடு தென்படும். சில கடைகளின் பெயர் 'எண்டர்பிரைஸ்' என்றோ 'டிரேடிங்' என்றோ முடியும். வேறு சில பெயர்கள் 'சென்டிரியான் பெர்ஹாட்' என்று முடியும். இரண்டு கடைகளும் ஒரே பொருளை விற்கலாம். இரண்டையும் ஒரே அளவிலான குடும்பங்கள் நடத்தலாம். ஆயினும், சட்டத்தின் பார்வையில் அவை வேறு வேறானவை. கடன் ஏற்பட்டால் யார் திருப்பிச் செலுத்த வேண்டும், இலாபத்திற்கு யார் வரி கட்ட வேண்டும், உரிமையாளர் மறைந்தால் தொழில் என்னவாகும் ஆகிய கேள்விகளுக்கு விடை அந்தப் பெயரின் கடைசிச் சொற்களில்தான் அடங்கியுள்ளது.

கடையும் உரிமையாளரும் ஒருவரே

கிள்ளானில் மசாலைத்தூள் அரைத்து விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தந்தை இயந்திரத்தைக் கவனிக்கிறார். தாய் கணக்கைப் பார்க்கிறார். மூத்த மகள் கடைகளுக்குச் சரக்கை அனுப்புகிறாள். தந்தை இத்தொழிலைத் தம் பெயரில் தனியுரிமை வணிகமாகப் பதிந்துள்ளார்.

தீபகற்ப மலேசியாவில் இத்தகைய வணிகங்கள் 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்கீழ் வருகின்றன. தொழிலைத் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப் பரவலாக அழைக்கப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அடையாள அட்டையில் உள்ள தம் பெயரிலேயே தொழில் நடத்துவோருக்கு ஆண்டுக் கட்டணம் 30 ரிங்கிட். வணிகப் பெயர் சூட்டிக்கொள்வோருக்கு 60 ரிங்கிட். பதிவு எளிது, செலவும் குறைவு. இதனால்தான் சிறுதொழில் செய்வோரில் பலர் இவ்வகையைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

எனினும், இவ்வகையில் கடையும் உரிமையாளரும் சட்டப்படி ஒருவரே. கடையின் இலாபம் தந்தையின் வருமானம். கடையின் கடன் தந்தையின் கடன். மிளகாய் மொத்த வணிகருக்குத் தர வேண்டிய தொகையைக் கடையால் செலுத்த இயலாமல் போனால், அவர் தந்தையின் மீது வழக்குத் தொடரலாம். கடையில் உள்ள பொருள்கள் போதாவிட்டால் தந்தையின் சேமிப்பும், அவர் பெயரில் உள்ள வீடும்கூடக் கடனுக்கு ஈடாக வேண்டிய நிலை வரலாம்.

சட்டம் படைக்கும் தனி நபர்

அதே குடும்பம் தன் தொழிலைச் சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனமாகப் பதிந்தால் நிலைமை மாறுகிறது. 'சென்டிரியான்' என்றால் தனியார். 'பெர்ஹாட்' என்றால் வரையறுக்கப்பட்டது. வரையறுக்கப்படுவது நிறுவனத்தின் வளர்ச்சியன்று. அதன் பங்குதாரர்களின் பொறுப்பே. நிறுவனம் நொடித்துப்போனால், பங்குதாரர் தம் பங்குகளுக்குச் செலுத்த ஒப்புக்கொண்ட தொகையை மட்டுமே இழப்பார். அதற்கு மேல் நிறுவனத்தின் கடனுக்கு அவர் தம் சொந்தப் பணத்தைத் தர வேண்டியதில்லை.

இதற்குக் காரணம், நிறுவனத்தைச் சட்டம் தனியொரு நபராக மதிப்பதுதான். அந்நபருக்குக் கையும் காலும் இல்லை. ஆனால், அது சொத்து வாங்கலாம்; கடன் பெறலாம்; வழக்குத் தொடரலாம்; வரியும் கட்ட வேண்டும். மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 20ஆம் பிரிவு, நிறுவனம் தன் உறுப்பினர்களிடமிருந்து வேறுபட்ட சட்ட நபர் என்று கூறுகிறது. பதிவேட்டிலிருந்து நீக்கப்படும்வரை அது தொடர்ந்து இருக்கும் என்றும் அப்பிரிவு உறுதிப்படுத்துகிறது.

இக்கோட்பாடு நிலைபெறக் காரணமான வழக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தைப் பற்றியதே. இலண்டன் மாநகரின் வைட்சாப்பல் பகுதியில் ஏரன் சாலமன் என்பவர் பல்லாண்டுகளாகக் காலணி தயாரித்து வந்தார். 1892ஆம் ஆண்டில் அவர் தம் தொழிலை ஒரு நிறுவனமாக மாற்றினார். அக்காலத்து இங்கிலாந்துச் சட்டப்படி ஒரு நிறுவனத்திற்குக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் தேவைப்பட்டனர். சாலமனின் மனைவி, மகள், நான்கு மகன்கள் ஆகிய அறுவரும் ஆளுக்கொரு பங்கை எடுத்துக்கொண்டனர். சாலமனிடம் 20,001 பங்குகள் இருந்தன. தொழிலை விற்ற விலையின் ஒரு பகுதியாக, 10,000 பவுண்டு மதிப்புள்ள கடன் பத்திரங்களையும் அவர் நிறுவனத்திடமிருந்து பெற்றார்.

விரைவிலேயே நிறுவனம் நொடித்துப்போனது. சரக்கு கொடுத்தவர்களுக்குத் தரப் பணம் இல்லை. "நிறுவனம் என்பது வெறும் பெயர்தான், உண்மையில் எல்லாம் சாலமனே. ஆகவே, கடனை அவரே கட்ட வேண்டும்" என்பது அவருக்கு எதிரான வாதம். கீழ் நீதிமன்றங்கள் இதை ஏற்றுக்கொண்டன. ஆனால், பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக அன்று விளங்கிய பிரபுக்கள் அவை, 1896ஆம் ஆண்டு நவம்பரில் அத்தீர்ப்புகளை ஒருமனதாக மாற்றியது. முறைப்படி பதியப்பட்டுவிட்டால், பங்குகள் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தாலும் நிறுவனம் தனி நபரே என்று அது தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பின் கோட்பாட்டையே மலேசிய நீதிமன்றங்களும் பின்பற்றி வருகின்றன.

பதிவு செய்யும் முறை

1965ஆம் ஆண்டின் பழைய நிறுவனங்கள் சட்டத்தின்படி, ஒரு நிறுவனத்தைத் தொடங்கக் குறைந்தது இரண்டு உறுப்பினர்களும் இரண்டு இயக்குநர்களும் வேண்டும். அதனால், எண்ணிக்கையை நிரப்புவதற்காகவே மனைவியின் பெயரையோ தம்பியின் பெயரையோ சேர்க்கும் வழக்கம் இருந்தது. 2017 ஜனவரி 31 முதல் நடப்புக்கு வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் இதை எளிதாக்கியது. இப்போது ஒருவரே ஒரே பங்குதாரராகவும் ஒரே இயக்குநராகவும் இருந்து தனியார் நிறுவனத்தை நடத்தலாம்.

பதிவின் முதல் படி பெயர்த் தேர்வு. ஏற்கெனவே பதியப்பட்ட பெயரை மீண்டும் பயன்படுத்த முடியாது. அரச குடும்பத்தோடு தொடர்புபடுத்தும் சொற்களையும் அனுமதியின்றிச் சேர்க்க முடியாது. ஏற்கப்பட்ட பெயரை 50 ரிங்கிட் செலுத்தி 30 நாள்களுக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, இயக்குநர்களின் விவரங்களும் பங்குகளின் பிரிவும் ஆணையத்திடம் தெரிவிக்கப்பட வேண்டும். இயக்குநர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். குறைந்தது ஓர் இயக்குநராவது மலேசியாவில் வழக்கமாக வசிப்பவராக இருத்தல் அவசியம். பதிவுக் கட்டணம் 1,000 ரிங்கிட். விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் ஆணையம் பதிவு அறிவிப்பையும் பதிவு எண்ணையும் வழங்கும். அந்நாளே நிறுவனத்தின் பிறந்தநாள். அன்றிலிருந்து 30 நாள்களுக்குள் தகுதி பெற்ற நிறுவனச் செயலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். அரசாங்கத்திற்கு அனுப்ப வேண்டிய ஆவணங்கள் உரிய காலத்தில் சென்று சேர்வதைக் கவனிப்பவர் அவரே.

தனியார் நிறுவனத்தில் பங்குதாரர் எண்ணிக்கை 50ஐத் தாண்டக் கூடாது. நிறுவனத்தின் ஊழியர்கள் இக்கணக்கில் சேரமாட்டார்கள். பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கவும் இயலாது. குடும்பத்தினருக்கு இது ஒரு பாதுகாப்பே. நம் எடுத்துக்காட்டில் தந்தைக்கு 60 பங்குகள், தாய்க்கு 20, மகளுக்கு 20 எனப் பிரித்துக்கொள்ளலாம். அப்படிப் பிரிக்கும்போது, யாருக்கு எவ்வளவு உரிமை என்பது வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் நிலைபெறுகிறது.

வரி கட்டுவது யார்?

தனியுரிமை வணிகத்தின் இலாபம் உரிமையாளரின் மற்ற வருமானத்தோடு சேர்க்கப்படும். அதற்கு அவர் தனிநபர் வருமான வரி கட்டுவார். தனிநபர் வரி படிப்படியாக உயரும் தன்மையுடையது. மலேசியக் குடியிருப்பாளருக்கு வரிக்குரிய வருமானத்தின் முதல் 5,000 ரிங்கிட்டுக்கு வரி இல்லை. வருமானம் கூடக் கூட விழுக்காடும் கூடி, உச்ச நிலையில் 30 விழுக்காட்டை எட்டுகிறது.

நிறுவனமோ தனி நபர். ஆகவே, அது உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் தன் பெயரில் கணக்கு வைத்துத் தன் வரியைத் தானே கட்டுகிறது. செலுத்தப்பட்ட மூலதனம் 25 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாமலும், ஆண்டின் மொத்தத் தொழில் வருமானம் 5 கோடி ரிங்கிட்டுக்கு மேற்படாமலும் இருந்து, பிற நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் உள்நாட்டு நிறுவனங்களுக்குச் சலுகை விழுக்காடு உண்டு. 2023ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல், வரிக்குரிய வருமானத்தில் முதல் 150,000 ரிங்கிட்டுக்கு 15 விழுக்காடு. அடுத்து 600,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு 17 விழுக்காடு. அதற்கு மேல் 24 விழுக்காடு.

நிறுவனமாகப் பதிந்தாலே வரி குறைந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். மசாலைத்தூள் தொழிலின் வரிக்குரிய வருமானம் 60,000 ரிங்கிட் என்று கொண்டால், தனிநபராகக் கட்ட வேண்டிய வரி 2,600 ரிங்கிட். அதே தொகைக்கு நிறுவனம் கட்ட வேண்டியது 9,000 ரிங்கிட். நிறுவனத்திற்கு வரியற்ற முதல் படி கிடையாது. முதல் ரிங்கிட்டிலிருந்தே 15 விழுக்காடு தொடங்கிவிடுகிறது.

வருமானம் 500,000 ரிங்கிட்டாக வளர்ந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. தனிநபருக்கு வரி 110,400 ரிங்கிட். நிறுவனத்திற்கு 82,000 ரிங்கிட். வேறுபாடு 28,400 ரிங்கிட். ஆகவே, எந்த வகை இலாபகரமானது என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. தொழிலின் அளவே அதை முடிவு செய்கிறது. நிறுவனச் செயலாளருக்கும் கணக்காளருக்கும் தர வேண்டிய கட்டணங்களையும் இக்கணக்கில் சேர்த்துப் பார்ப்பது அறிவுடைமை.

பணப்பை இரண்டு

இனித்தான் குடும்பங்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் வருகிறது. தனியுரிமை வணிகத்தில் கல்லாப்பெட்டியிலிருந்து பணத்தை எடுத்து வீட்டுக்கு அரிசி வாங்கினால், அது ஒருவரின் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறிய பணம்தான். நிறுவனத்தில் அப்படியன்று. அங்கே கல்லாவில் உள்ள பணம் தந்தையுடையதன்று, நிறுவனத்துடையது. நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவரே ஆனாலும், உரிய வழியின்றி அவர் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

பணம் குடும்பத்தின் கைக்கு வருவதற்கு முறையான வழிகள் உண்டு. முதலாவது, சம்பளம். உழைக்கும் இயக்குநருக்கு நிறுவனம் சம்பளம் தரலாம். அது நிறுவனத்தின் செலவாகக் கழிக்கப்படும். பெறுபவர் அதற்குத் தனிநபர் வரி கட்டுவார். சம்பளம் பெறும் ஊழியர்களுக்கு ஊழியர் சேமநிதி வாரியத்திலும் சொக்சோவிலும் நிறுவனம் சந்தா செலுத்த வேண்டும். இரண்டாவது, இலாப ஈவு. வரி கட்டியபின் எஞ்சும் இலாபத்தைப் பங்குகளின் விகிதப்படி பிரித்துத் தரலாம். அவ்விலாபத்திற்கு நிறுவனம் ஏற்கெனவே வரி கட்டிவிட்டதால், பெறுபவரிடம் நெடுங்காலமாக மீண்டும் வரி வசூலிக்கப்படவில்லை. 2025ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல், ஒருவர் ஓராண்டில் பெறும் ஈவு 100,000 ரிங்கிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 2 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது.

மூன்றாவது, கடன். இயக்குநர் நிறுவனத்திடமிருந்து கடன் பெற்றால் அது கணக்கில் கடனாகவே பதியப்பட வேண்டும். நிறுவனம் தன் சொந்த நிதியிலிருந்து வட்டியின்றிக் கடன் கொடுத்திருந்தாலும், வருமான வரிச் சட்டம் அதற்கு வட்டி கிடைத்ததாகவே கருதி, அத்தொகையை நிறுவனத்தின் வருமானத்தில் சேர்க்கும். மகளின் திருமண மண்டப வாடகையை நிறுவனத்தின் தொழில் செலவாகக் காட்டவும் முடியாது. தொழில் வருமானத்தை ஈட்டுவதற்காகச் செய்த செலவே கழிவுக்கு உரியது.

ஆண்டுதோறும் வரும் கடமைகள்

பதிவு என்பது ஒரே நாளில் முடிந்துவிடும் சடங்கன்று. ஒவ்வோர் ஆண்டும் நிறுவனம் பதியப்பட்ட தேதி வந்ததிலிருந்து 30 நாள்களுக்குள் ஆண்டறிக்கையை ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். பங்குதாரர் யார், இயக்குநர் யார், அலுவலகம் எங்கே என்ற விவரங்கள் அதில் இருக்கும். நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் நிதி அறிக்கையைப் பங்குதாரர்களுக்கு அனுப்பி, அடுத்த 30 நாள்களுக்குள் அதையும் ஆணையத்திடம் சேர்ப்பிக்க வேண்டும். கணக்கை முடித்த ஏழு மாதங்களுக்குள் வருமான வரி அறிக்கை வாரியத்தைச் சென்றடைய வேண்டும். இரசீதுகளையும் கணக்கேடுகளையும் ஏழு ஆண்டுகளுக்குப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும்.

வியாபாரம் நின்றுபோனால் இக்கடமைகளும் நின்றுபோகும் என்று எண்ணுவது தவறு. கடையை இழுத்துப் பூட்டினாலும், பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை நிறுவனம் உயிரோடுதான் இருக்கிறது. அறிக்கைகளை அனுப்பத் தவறினால் அபராதம் விதிக்கப்படலாம். தொழிலைத் தொடர விரும்பாத குடும்பம், நிறுவனத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்க முறைப்படி விண்ணப்பிப்பதே சரியான வழி.

கேடயத்தின் எல்லை

வரையறுக்கப்பட்ட பொறுப்பு குடும்பத்தின் வீட்டைக் காக்கும் கேடயம். ஆனால், அக்கேடயம் எல்லா அம்புகளையும் தடுப்பதில்லை. சிறிய நிறுவனத்திற்குக் கடன் தரும் வங்கி, இயக்குநர்கள் தனிப்பட்ட முறையில் உத்தரவாதம் அளிக்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். அதில் கையெழுத்திட்டவர், நிறுவனம் தவறினால் அக்கடனைத் தாமே கட்ட வேண்டும். நிர்வாகத்தில் ஈடுபட்டு, குறைந்தது 20 விழுக்காட்டுப் பங்கையும் கையில் வைத்திருக்கும் இயக்குநரிடமிருந்து நிறுவனத்தின் வரிப் பாக்கியை வசூலிக்கவும் சட்டம் இடமளிக்கிறது. சேமநிதிச் சந்தா நிலுவைக்கும் இயக்குநர்கள் பொறுப்பேற்க நேரிடும்.

உரிமையாளரின் மறைவின்போது நிறுவனத்தின் தனித்தன்மை மிகத் தெளிவாகப் புலப்படும். தந்தை காலமானால், அவருடைய பங்குகள் அவருடைய சொத்தின் பகுதியாக வாரிசுகளைச் சேரும். நிறுவனமோ தொடர்ந்து இயங்கும். அதன் இயந்திரமும் வங்கிப் பணமும் அதன் பெயரிலேயே இருக்கும். அவர் ஒருவரே இயக்குநராக இருந்திருந்தால், புதிய இயக்குநரை நியமிப்பதற்காக நெருங்கிய உறவினர்களையோ சட்டப் பிரதிநிதிகளையோ நிறுவனச் செயலாளர் கூட்ட வேண்டும். அதுவரை காசோலையில் கையெழுத்திடக்கூட ஆளின்றித் தொழில் முடங்கக்கூடும். இதனால்தான் நம்பிக்கைக்குரிய இன்னொருவரையும் இயக்குநராக வைத்துக்கொள்வது நல்லது என்று கூறப்படுகிறது.

அந்த 'இன்னொருவர்' பல குடும்பங்களில் 18 வயதை எட்டிய மகனாகவோ மகளாகவோ இருப்பதுண்டு. "பெயருக்குத்தானே, ஒரு கையெழுத்துப் போடு" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு கேட்பார்கள். ஆனால், சட்டத்தில் பெயருக்கு மட்டும் இயக்குநர் என்று எவரும் இல்லை. மேசையில் நாள்தோறும் அமரும் தந்தைக்கும், கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் இயக்குநர் என்ற முறையில் கடமைகள் உண்டு. நிறுவனத்தின் நலனுக்காக நேர்மையோடும் கவனத்தோடும் செயல்பட வேண்டும். அறிக்கைகள் தாக்கலாகாமல் போனால் மகளும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இதைச் சொல்லிக் கையெழுத்திட மறுக்க வேண்டும் என்பதில்லை. குடும்பத் தொழிலில் தோள்கொடுப்பது பெருமைக்குரியதே. கையெழுத்திடும் முன் சில கேள்விகளைக் கேட்டுத் தெளிவது போதும். தன் பெயரில் எத்தனை பங்குகள் உள்ளன? ஆண்டறிக்கையும் வரி அறிக்கையும் உரிய நாளில் தாக்கலாகியுள்ளனவா? வங்கிக்கு உத்தரவாதம் ஏதேனும் தரப்பட்டுள்ளதா? நிறுவனத்தின் பணமும் வீட்டின் பணமும் தனித்தனிக் கணக்குகளில் உள்ளனவா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும் வீட்டில் உறவும் கெடாது. தொழிலும் அடுத்த தலைமுறையின் கைக்குப் பாதுகாப்பாகப் போய்ச் சேரும்.